கேட்டுப் போட்ட கேட்டா? கேட்காமல் போட்ட கேட்டா?

பெட்ரோல் விலை, பிள்ளைகளின் தேர்வு, மாமியார் மருமகள் சண்டை... வானொலியில் இப்படி எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் பத்து அழைப்பாவது வரும். ஒருநாள் காலை நிகழ்ச்சியில் "அடுக்குமாடி வீட்டுப் பராமரிப்புக் கட்டணம்" என்று தலைப்புக் கொடுத்தேன். தொலைபேசி ஓயவே இல்லை. ரவாங், காப்பார், பந்திங், பூச்சோங் என்று சிலாங்கூரின் எல்லா மூலையிலிருந்தும் அழைத்தார்கள். யாருமே பாட்டுக் கேட்கவில்லை. எல்லாருக்கும் கணக்குத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"மாசா மாசம் கட்டுறேன், மாடிப்படியில லைட் கூட எரியலையே" என்றார் ஒருவர். "நான் ஒழுங்கா கட்டுறேன், என் மாடியில பாதிப் பேரு கட்டுறதே இல்ல. அவங்களுக்கும் சேத்து நானா கட்டணும்?" என்றார் இன்னொருவர். மூன்றாவதாக வந்த அக்காளின் குரலில் அழுகையும் கோபமும் கலந்திருந்தன. "கேட் வேணாம்னு சொன்னேன். போட்டுட்டாங்க. அதுக்குக் காசு கேட்டாங்க. கையில இல்லன்னேன். இப்ப என் கார்டையே அடைச்சிட்டாங்க. என் வீட்டுக்குப் போக நான் யார்கிட்டம்மா கெஞ்சணும்?"

கட்டணம் கட்டுகிறவரின் ஆத்திரம், கட்ட முடியாதவரின் அவமானம், இரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கும் நிர்வாகக் குழு. மலேசியாவில் அடுக்குமாடியில் வாழும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இந்த மூன்றும் புதிதல்ல. எனக்கும் புதிதல்ல. என் பெற்றோரின் வீடு புக்கிட் பெருந்துங்கில், ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது.

லயத்திலிருந்து மூன்றாவது மாடிக்கு

புக்கிட் பெருந்துங் 1990களில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி எழுந்த நகரம். சுற்றிலும் தோட்டங்கள். 1997 பொருளாதார நெருக்கடியில் பலரும் வராமல் போக, வரிசை வரிசையாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. "பேய் நகரம்" என்றுகூடப் பெயர் வாங்கியது. வீடு மலிவாகக் கிடைத்ததால் தோட்டங்களை விட்டு வெளியேறிய பல குடும்பங்களுக்கு அதுவே வழியானது. செரண்டா பக்கம் பெரோடுவா தொழிற்சாலை, ரவாங்கில் மற்ற தொழிற்சாலைகள் என்று வேலையும் கிடைத்தது. கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எங்கள் குடும்பமும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

தோட்டத்தில் கூரை ஒழுகினால் மண்டோரிடம் சொல்வார்கள். அவர் கிராணியிடம் சொல்வார். செய்தால் செய்வார்கள், செய்யாவிட்டால் இல்லை. குழாயில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அது தோட்ட நிர்வாகத்தின் பாடு. பராமரிப்புக் கட்டணம் என்று ஒரு தாள் லயத்துக் கதவில் செருகப்பட்டதே இல்லை. வீடும் நம்முடையதல்ல, செலவும் நம்முடையதல்ல.

அடுக்குமாடிக்கு வந்தபோது சாவியைக் கொடுத்து, "இது உங்கள் வீடு" என்றார்கள். கதவுக்கு உள்ளே இருப்பது உங்களுடையது. கதவுக்கு வெளியே இருக்கும் படிக்கட்டு, கூரை, தண்ணீர்த் தொட்டி, சாக்கடை, மதில் எல்லாம் உங்கள் எல்லாருடையது என்பதை யாரும் உட்கார வைத்து விளக்கவில்லை. "எல்லாருடையது" என்ற சொல் பலர் காதில் "யாருடையதும் அல்ல" என்று விழுந்தது. இன்று நடக்கும் சண்டைகளில் பாதி அங்கே தொடங்கியவை.

ஒரே தீர்மானம், மூன்று பொருள்

எங்கள் வட்டாரத்துக் குடியிருப்பு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பழைய கட்டடம், மின்தூக்கி கிடையாது. நிர்வாகக் குழு மூன்று பொருள்களைச் சேர்த்து ஒரே தீர்மானமாகக் கொண்டு வந்தது: தண்ணீரை மேலே ஏற்றப் புதிய பம்ப், வாகன நிறுத்துமிடத்தில் கேமரா, நுழைவாயிலில் கார்டு தட்டினால் திறக்கும் கேட். மொத்தச் செலவை வீடுகளுக்குப் பங்கிட்டார்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள் சிலர்தான். தீர்மானம் நிறைவேறியது. அடுத்த மாதம் எல்லா வீட்டுக்கும் பில் வந்தது.

நான்காவது மாடி அத்தை ஒருவர் என்னிடம் சொன்னார்: "பம்பு வேணும் பாப்பா. காலையில தண்ணி மேல ஏறவே மாட்டேங்குது. ஆனா கேட் எதுக்கு? என் வீட்டுல திருட என்ன இருக்கு?"

கீழ்த்தளத்து அண்ணன் சொன்னது வேறு: "எனக்குத் தண்ணி நல்லாத்தான் வருது. ஆனா ரெண்டு மோட்டார் சைக்கிள் காணாமப் போயிடுச்சு. ரெண்டாவதுக்கு இன்னும் கடன் கட்டிக்கிட்டு இருக்கேன். எனக்கு கேட்டும் கேமராவுந்தான் வேணும்."

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். ஒருவருக்கு அத்தியாவசியமாகத் தெரிவது இன்னொருவருக்கு ஆடம்பரமாகத் தெரிகிறது. கீழ்த்தளத்துக்காரர் பம்ப்புக்குக் காசு கட்டவேண்டும். மோட்டார் சைக்கிளே இல்லாத அத்தை கேட்டுக்குக் கட்டவேண்டும். பொதுச் சொத்து என்றால் அதுதான் பொருள். ஆனால் பொதுச் சொத்து என்றாலே கேள்வி கேட்கக்கூடாது என்று பொருளல்ல. கேள்வியை எங்கே, எப்போது கேட்பது என்பதற்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்த வழி நம்மில் பலருக்குத் தெரியாததால் கூட்டத்தில் கேட்கவேண்டியதை மாடிப்படியில் நின்று கேட்கிறோம்.

உங்கள் பங்கு எவ்வளவு?

மலேசியாவில் அடுக்குமாடி வீட்டுரிமையைப் பற்றிய ஸ்திராத்தா உரிமைச் சட்டம் 1985இல் வந்தது. பராமரிப்பையும் நிர்வாகத்தையும் முறைப்படுத்த 2007இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்ததே 2013ஆம் ஆண்டின் ஸ்திராத்தா நிர்வாகச் சட்டம். சட்ட எண் 757. தீபகற்பத்தின் பெரும்பகுதியில் 1 ஜூன் 2015 முதல் நடப்பில் இருக்கிறது.

வீடுகளுக்குத் தனித்தனி ஸ்திராத்தா பட்டா வரும்வரை நிர்வகிப்பது ஜே.எம்.பி. என்ற கூட்டு நிர்வாக அமைப்பு. பட்டா வந்த பிறகு பொறுப்பு எம்.சி. என்ற நிர்வாகக் கழகத்துக்குப் போகிறது. பெயர் எதுவானாலும் அதன் உறுப்பினர்கள் வீட்டு உரிமையாளர்களாகிய நாம்தான். "மேனேஜ்மெண்ட்காரன் போட்ட பில்" என்று நாம் திட்டும்போது, அந்த மேனேஜ்மெண்ட்டில் நாமும் ஒருவர்.

ஒவ்வொரு வீட்டுக்கும் "பங்கு அலகு" என்று ஓர் எண் உண்டு. பெரிய வீட்டுக்குப் பெரிய எண், சிறிய வீட்டுக்குச் சிறிய எண். கட்டணம் அந்த எண்ணின் விகிதத்தில்தான் வரும். எல்லா வீடும் ஒரே அளவாக உள்ள மலிவு விலை அடுக்குமாடிகளில் எல்லாருக்கும் ஒரே தொகை வருவது அதனால்தான். கீழே கடைகள், மேலே வீடுகள் என்று கலந்திருக்கும் கட்டடமாக இருந்தால் உங்கள் பங்கு அலகு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மாதக் கட்டணத்தோடு இன்னொரு வரியும் பில்லில் இருக்கும். மலாயில் "தாபோங் பெஞ்செலாஸ்". சேமநிதி என்று சொல்லலாம். கட்டணத்தில் 10 விழுக்காடு என்பது பொதுவான அளவு. காவலர் சம்பளம், குப்பை, மின்சாரம் போன்ற அன்றாடச் செலவுகள் பராமரிப்புக் கணக்கிலிருந்து போகும். சேமநிதி பெரிய செலவுகளுக்கு: கட்டடத்துக்குச் சாயம் பூசுவது, பழுதான சாதனத்தை மாற்றுவது, பொதுச் சொத்தை மேம்படுத்துவது. புதிய பம்ப்பும் கேமராவும் கேட்டும் இந்த வகையில் வரக்கூடியவை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 வீடுகள் உள்ள குடியிருப்பு. மாதக் கட்டணம் 60 வெள்ளி, சேமநிதி 6 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் கட்டினால் சேமநிதியில் மாதம் 1,200 வெள்ளி, ஆண்டுக்கு 14,400 வெள்ளி, பத்தாண்டில் 144,000 வெள்ளி. பாதிப் பேர் கட்டாவிட்டால் அதுவும் பாதியாகிவிடும். அப்போது பம்ப் உடைந்தால் நிர்வாகம் ஒவ்வொரு கதவாகத் தட்டித்தான் ஆகவேண்டும். ஆகவே சிறப்புக் கட்டணம் என்று தாள் வந்தவுடன் கேட்கவேண்டிய முதல் கேள்வி "எதற்கு இவ்வளவு?" அல்ல. "சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது, ஏன் அவ்வளவுதான் இருக்கிறது?" என்பதுதான். தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பார்க்கவும் நகல் கேட்கவும் உரிமையாளருக்கு உரிமை உண்டு.

அரை மணி நேரத்தின் விலை

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே அறிவிப்புத் தரவேண்டும். என்னென்ன தீர்மானங்கள் வரப்போகின்றன என்பதும் அதில் இருக்கவேண்டும். கூடுதல் விதிகள் போன்றவற்றுக்குத் தேவைப்படும் சிறப்புத் தீர்மானம் என்றால் 21 நாள் அறிவிப்பும், செலுத்தப்பட்ட செல்லுபடியான வாக்குகளில் முக்கால் பங்கு ஆதரவும் வேண்டும்.

பலர் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. கூட்டம் நடக்க, வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப் பேர் வரவேண்டும். வராவிட்டால்? அரை மணி நேரம் காத்திருப்பார்கள். அதற்குப் பிறகு, வந்திருப்பவர்களே போதும், கூட்டம் செல்லும். 200 வீட்டில் 30 பேர் வந்தாலும் அதுதான் பொதுக்கூட்டம். அதில் 16 பேர் கை தூக்கினால் சாதாரணத் தீர்மானம் நிறைவேறிவிடும். 200 வீட்டுக்கும் பில் வரும். "எனக்குத் தெரியாது, நான் வரவில்லை" என்பது எங்கும் எடுபடாது.

அடுத்த விதி இன்னும் கடுமை. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு உங்கள் பேரில் பாக்கி இருந்தால் நீங்கள் வாக்களிக்க முடியாது. கட்டாதவர்களே ஒன்று சேர்ந்து கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வந்த விதி இது என்று எடுத்துக்கொண்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். புதிய கட்டணம் யாரை அதிகம் நெருக்குமோ, கையில் காசில்லாத அந்தக் குடும்பத்துக்குத்தான் அந்தத் தீர்மானத்தில் வாக்கு இல்லை. அவர்களுக்காகப் பேச வாக்குள்ள அண்டை வீட்டார் கூட்டத்தில் இருக்கவேண்டும்.

வாக்குள்ளவர்கள் கையில் நல்ல கருவிகள் இருக்கின்றன. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாக எழுத்து மூலம் கொடுத்தால் உங்கள் தீர்மானத்தையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லலாம். "பம்ப், கேமரா, கேட் மூன்றையும் தனித்தனித் தீர்மானமாக வையுங்கள்" என்று ஒரு கடிதம் போதும். மொத்தப் பங்கு அலகில் கால் பங்கு உள்ள உரிமையாளர்கள் சேர்ந்து கையெழுத்திட்டால் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டச் சொல்லலாம். வரமுடியாதவர் பதிலாள் ஒருவரை நியமிக்கலாம். ஒருவர் ஒரு வீட்டுக்கு மட்டுமே பதிலாளாக இருக்கமுடியும். ஒரே ஆள் இருபது கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்தால் தயங்காமல் எழுந்து கேளுங்கள்.

கட்டாவிட்டால் என்ன ஆகும்?

"கேட்டைக் கேட்காமல் போட்டார்கள், அதனால் மாதக் கட்டணத்தையும் நிறுத்திவிட்டேன்" என்று சொன்னவர்கள் பலர். கோபம் புரிகிறது. ஆனால் சேவை பிடிக்கவில்லை என்பதற்காகக் கட்டணத்தை நிறுத்தி வைக்கலாம் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் சொல்லவில்லை.

பாக்கி வைத்தால் முதலில் "போராங் 11" என்ற அறிவிப்பு வரும். கட்டுவதற்குக் குறைந்தது 14 நாள் அவகாசம் தரவேண்டும். அதன் பிறகு நிர்வாகம் நீதிமன்றத்துக்கோ ஸ்திராத்தா நடுவர் மன்றத்துக்கோ போகலாம். அல்லது ஆணை பெற்று வீட்டிலுள்ள அசையும் பொருள்களைப் பறிமுதல் செய்யவும் வழி இருக்கிறது. தக்க காரணம் இல்லாமல் கட்ட மறுப்பது குற்றம்; 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பாக்கிக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டியும் போடலாம்.

விதிமுறைகளில் இன்னும் இரண்டு இருக்கின்றன. கேட் கார்டைச் செயலிழக்கச் செய்யலாம். திரும்பச் செயல்படுத்த 50 வெள்ளி வரை வாங்கலாம். பாக்கிக்காரர்களின் பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம்.

அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்லவேண்டும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். ஐந்து வெள்ளி கொடுத்தவர் பெயரும் வரும். தன் பெயர் வரும்போது சாமியைப் பார்ப்பதுபோலத் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். காது மட்டும் இந்தப் பக்கம்தான் இருக்கும். ஊரில் பெயர் என்பது அவ்வளவு பெரிய விஷயம். அதே மக்களின் பெயர்தான் இன்று தபால் பெட்டிகளுக்கு மேலே, வீட்டு எண்ணோடு, பாக்கித் தொகையோடு ஒட்டப்படுகிறது.

எங்கள் பக்கத்துக் குடியிருப்பில் ஓர் ஆயா இருக்கிறார். பல ஆண்டுகள் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவர். கணவர் படுத்த படுக்கையானபோது எட்டு மாதம் கட்டமுடியவில்லை. பட்டியலில் பெயர் வந்தது. அதற்குப் பிறகு அவர் பகலில் கீழே இறங்குவதையே விட்டுவிட்டார். கடைக்குப் போவதென்றாலும் இருட்டிய பிறகுதான். "காச எப்படியாவது கட்டிடறேன் பாப்பா. அந்தப் பேர மட்டும் எடுக்கச் சொல்லு" என்று என்னிடம் கேட்டார்.

அவருக்கு நாங்கள் எழுதிக் கொடுத்தது ஒரு பக்கக் கடிதம். நிலைமை இது, மாதக் கட்டணத்தோடு கூடுதலாக 30 வெள்ளி கட்டிப் பாக்கியைத் தீர்க்கிறேன், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று. பொருளாளர் ஏற்றுக்கொண்டார், பெயரும் எடுக்கப்பட்டது. பொருளாளரும் கெட்டவர் அல்ல. சம்பளமில்லாமல் வேலை முடிந்து வந்து கணக்கு எழுதுகிறவர். அவரிடம் யாரும் அதுவரை நிலைமையைச் சொல்லவில்லை. அவரும் பட்டியல் ஒட்டுவதற்கு முன்னால் கதவைத் தட்டிக் கேட்கவில்லை. பட்டியலை ஒட்டலாம் என்கிறது விதி. ஒட்டியே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. வேண்டுமென்றே கட்டாதவரையும் முடியாமல் நிற்பவரையும் பிரித்துப் பார்ப்பது நிர்வாகக் குழுவின் கையில் இருக்கிறது.

சேர்த்துக் கட்டுவது நமக்குப் புதிதா?

"நம்மவர்களுக்குப் பொதுக் காரியத்துக்குக் காசு கொடுக்கும் பழக்கம் இல்லை" என்று சிலர் வானொலியில் சொன்னார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பாட்டாளிகள் வீதிக்கு வந்த காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டாளிகளைப் பங்கு வாங்கச் சொன்னார். பால் வெட்டிய கூலியிலிருந்து தவணை தவணையாகக் கட்டினார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. அன்று கட்டியவர்களுக்கு, எதற்குக் கட்டுகிறோம் என்பது தெரிந்திருந்தது. யார் கையில் கொடுக்கிறோம் என்பதும் தெரிந்திருந்தது. இன்று மூன்றாவது மாடிக்காரர் கேட்பதும் அந்த இரண்டைத்தான்.

சிங்கப்பூரிலும் லண்டனிலும்

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதல்ல. சிங்கப்பூரில் வீவக வீடுகள் 99 ஆண்டுக் குத்தகையில் வருபவை. பழைய கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காமல் இருந்தது. எல்லா மாடியிலும் நிற்கும்படி மாற்றும் திட்டத்தை 2001இல் கொண்டுவந்தார்கள். ஆனால் வீட்டுக்காரர்களைக் கேட்காமல் செய்யவில்லை. ஒவ்வொரு புளோக்கிலும் வாக்கெடுப்பு நடத்தி 75 விழுக்காட்டினர் ஆதரித்த பிறகே வேலை தொடங்கியது. செலவின் பெரும்பகுதி அரசுடையது. குடிமக்களின் பங்குக்கு 3,000 சிங்கப்பூர் வெள்ளி என்று உச்ச வரம்பும் வைத்தார்கள்.

லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கம் நம் மக்கள் நிறையப் பேர் குத்தகை அடுக்ககங்களில் இருக்கிறார்கள். அங்கே 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு பிரபலமானது. கட்டட வேலை ஒன்றுக்கு ஒரு வீட்டின் பங்கு 250 பவுண்டைத் தாண்டுமானால், கட்டட உரிமையாளர் முதலில் குத்தகைதாரர்களிடம் எழுத்து மூலம் கருத்துக் கேட்கவேண்டும், விலைப்புள்ளிகளைக் காட்டவேண்டும். அதைச் செய்யாவிட்டால், நடுவர் மன்றம் விலக்கு அளித்தாலொழிய, ஒரு வீட்டிடம் 250 பவுண்டுக்கு மேல் வாங்கமுடியாது.

அதே லண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் மாண்டார்கள். புதுப்பிப்பின்போது வெளிச்சுவரில் பொருத்தப்பட்ட எரியக்கூடிய தகடுகள் தீயை மளமளவென்று மேலே கொண்டு போயின. அதன்பின் நாடு முழுவதும் அப்படிப்பட்ட தகடுகளை அகற்றும் செலவு பல குத்தகைதாரர்கள் தலையில் விழுந்து, ஆண்டுக்கணக்கான போராட்டத்துக்குப் பிறகு 2022இல் அவர்களுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் வந்தது. பொதுச் சாதனம் எதைப் பொருத்தினாலும் விலையோடு தரத்தையும் கேட்கவேண்டும் என்பதற்கு அதைவிடக் கொடிய பாடம் இல்லை.

எங்கே போவது?

ஒவ்வொரு ஊராட்சி மன்றத்திலும் சி.ஓ.பி. என்ற கட்டட ஆணையர் அலுவலகம் இருக்கிறது. புக்கிட் பெருந்துங், புக்கிட் செந்தோசா, செரண்டா மக்களுக்கு அது கோலகுபு பாருவில் உள்ள உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகம். கூட்டமே நடத்தாத நிர்வாகம், கணக்குக் காட்டாத நிர்வாகம் பற்றிய புகாரை அங்கே எழுத்து மூலம் கொடுக்கலாம்.

பணத் தகராறு என்றால் வீடமைப்பு அமைச்சின் கீழுள்ள ஸ்திராத்தா நடுவர் மன்றம். 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே பேசலாம். கட்டணப் பாக்கியைக் கோரி நிர்வாகம் அங்கே போவதுபோல, முறையாகக் கூட்டாத கூட்டத்தின் தீர்மானத்தை எதிர்த்து உரிமையாளரும் போகலாம். தீர்ப்பை மதிக்காமல் இருப்பது குற்றம். அபராதம் 250,000 வெள்ளி வரை போகும்.

மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. பொதுச் சொத்தைப் பழுதுபார்க்க வீடமைப்பு அமைச்சின் பராமரிப்புத் திட்டமும் சிலாங்கூர் மாநில அரசின் ஸ்கீம் செரியாவும் உதவுகின்றன. கூரை, தண்ணீர்த் தொட்டி, சாயம் போன்ற வேலைகள் அவற்றில் நடந்திருக்கின்றன. வீட்டுக்கு இவ்வளவு என்று பில் போடும் முன் "இந்த உதவிக்கு விண்ணப்பித்தீர்களா?" என்று நிர்வாகக் குழுவிடம் கேட்பது உங்கள் உரிமை. விண்ணப்பம் எழுத இளைஞர்கள் உதவலாம். பட்டதாரிப் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கும் இந்தக் காலத்தில் ஒரு மலாய்க் கடிதம் பெரிய காரியமல்ல.

பம்ப் முதலில், கேட் பிறகு

நான் சொன்ன குடியிருப்பில் கடைசியில் என்ன ஆனது? சில உரிமையாளர்கள் கையெழுத்துத் திரட்டி மறுபடியும் கூட்டம் கூட்டச் சொன்னார்கள். இந்த முறை வேலை முடிந்து வந்த பிள்ளைகள், பெற்றோருக்குப் பதிலாளாக நிறையப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். மூன்று பொருளும் தனித்தனித் தீர்மானமாயின. பம்ப் ஏறக்குறைய ஒருமனதாக நிறைவேறியது. பெரும்பகுதி சேமநிதியிலிருந்தே எடுக்க முடிந்தது. கேமராவுக்கும் பெரும்பான்மை கிடைத்தது. கீழ்த்தளத்து அண்ணனுக்காக நான்காவது மாடி அத்தையும் கை தூக்கினார். கேட் மட்டும் தள்ளிப் போனது. மூன்று விலைப்புள்ளிகள் வாங்கி, மாதாமாதம் அதைப் பராமரிக்க எவ்வளவு ஆகும் என்பதையும் எழுதிக் கொண்டுவாருங்கள் என்று கூட்டம் சொல்லியது.

அந்தக் கடைசிக் கேள்வியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புதிய சாதனத்துக்கும் இரண்டு விலை உண்டு: வாங்கும் விலை ஒன்று, வைத்துக் காப்பாற்றும் விலை ஒன்று. பில்லில் முதலாவதுதான் தெரியும். சூரிய மின்தகடு, மின்காருக்குச் சார்ஜர் என்று அடுத்தடுத்து வரப்போகும் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். யார் பயன்படுத்துவார்கள், பழுதானால் யார் கட்டுவார்கள் என்பதைப் பொருத்துவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட்டால், பொருத்திய பிறகு சண்டை வராது.

உங்கள் கதவில் அடுத்த அறிவிப்பு செருகப்பட்டால் சமையலறை மேசையில் போட்டு வைக்காதீர்கள். கூட்டத் தேதியைப் பாருங்கள். உங்கள் பேரில் பாக்கி இருந்தால் ஏழு நாளுக்கு முன்பே தீர்க்கப் பாருங்கள். முடியாவிட்டால் தவணை கேட்டு எழுதுங்கள். தீர்மானத்தின் சொற்களைப் படியுங்கள். ஒன்றில் எத்தனை பொருள் சேர்த்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். சேமநிதி இருப்பைக் கேளுங்கள். பக்கத்து வீட்டு ஆயாவுக்கு மலாய் படிக்க வராவிட்டால் அவருக்கும் படித்துச் சொல்லுங்கள்.

பிறகு, கூட்டத்துக்குச் சரியான நேரத்தில் போய் உட்காருங்கள். அரை மணி தாமதமாகப் போனால், இருப்பவர்களே போதும் என்று தொடங்கியிருப்பார்கள்.